இடது கைக்குள் ஒரு கார்டு

பச்சைக் கோடு நகர்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள் உலகம்மாள். நகரத்தான் செய்தது, நிறைமாசக்காரி மாடிப்படி ஏறுகிற மாதிரி. திரையில் அந்தக் கோடு, மேஜைமேல் செத்துக் கிடக்கிற பெட்டி, இடது கைக்குள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பொத்தி வைத்திருக்கிற ஒரு மெமரி கார்டு. வலது கை சும்மா இருந்தது. இருக்கட்டும், இன்றைக்கு அது பண்ணின வேலை போதும். காலையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஆஸ்பத்திரியின் ஃபயர்வால் பெட்டி மண்டையைப் போட்டுவிட்டது. உள்ளே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள், வெளியே ஊருலகத்து இன்டர்நெட், நடுவாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் யார் எவர் என்று கேட்கிற பெட்டி அது. அது எழுந்திருக்காவிட்டால் லேப் ரிப்போர்ட் மாடிக்குப் போகாது, காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து சம்மதம் வராது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவர்கள் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வார்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கீழே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் உயிர் ஒரு மெமரி கார்டில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் வேறொரு கார்டில் பெட்டியை ஓட்டுகிற இயங்குதளத்தை அச்சு அசலாக எழுதிச் செருக வேண்டும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவள் எத்தனையோ தடவை செய்த வேலைதான். இட்லி ஊற்றிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிற மாதிரி செய்திருக்கிறாள். இன்றைக்கு மட்டும் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. முதலில் பென் டிரைவில் எழுதிப் பார்த்தாள், பெட்டி அதைச் சட்டை செய்யவில்லை. கீழே மொபைல் கடையில் ஒரு கார்டு வாங்கி வரச் சொன்னாள். அது போலி, எழுதும்போது சமத்தாக எழுதிவிட்டுச் சரிபார்க்கும்போது கையை விரித்தது. அதற்குள் டாக்டர் சிவசைலம், ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். அவர் திட்டுகிறவர் இல்லை. திட்டாமல் நிற்கிறவர். அதுதான் தாங்க முடியாது.

அப்போதுதான் கைப்பையில் இருந்த சிவப்புப் பை ஞாபகத்துக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். காலையில் அவள் கிளம்புகிற அவசரத்தில் வெயிலுமுத்து கொண்டுவந்து திணித்த பை. வெயிலுமுத்து அவள் புருஷன், கல்யாண வீடியோக்காரன். கோவில்பட்டியைச் சுற்றி எந்த மண்டபத்திலும் அவனைத் தெரியும். இரண்டு கார்டு இருக்கு உலகு, ஒண்ணு காலி, ஒண்ணுல அந்த மாரீஸ்வரி கல்யாணம் இருக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டுரு, சாயங்காலம் அவங்க நம்ம வீட்டுக்கு வாராங்க என்று சொன்னான். சொன்னானா? சொன்னான். இவள் சீப்பை வாயில் கடித்துக்கொண்டு ம் என்றாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஆனால் வித்தியாசம் தெரியாமல் இல்லை. கார்டின் பக்கவாட்டில் அரிசி அளவுக்கு ஒரு பூட்டு இருக்கும், நகத்தால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பூட்டினால் அதில் எதுவும் எழுத முடியாது. படம் எடுத்து முடித்த அடுத்த நிமிஷம் வெயிலுமுத்து அந்தப் பூட்டைத் தள்ளிவிடுவான். இரண்டு இடத்தில் காப்பி போட்டு, அதை ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் திறப்பான். திறக்கிற கை தன் கை மட்டும்தான் என்பது அவன் தொழிலில் வைத்திருக்கிற சத்தியம். உதவிக்கு வருகிறவர்களைக்கூடத் தொடவிட மாட்டான். கல்யாணமான நாளாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம் இது. அவளுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

தெரிந்துதான் என்ன. பைக்குள் கையை விட்டாள், வந்த கார்டை எடுத்தாள், செருகினாள். எழுத முடியாது, கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரை சொன்னது. பின்னால் டாக்டர் லேசாக இருமினார். இவள் கார்டை உருவி, வலது கட்டைவிரல் நகத்தால் பூட்டைத் தள்ளி, திரும்பச் செருகி, எழுது என்று அமுக்கினாள். அவ்வளவுதான். உருளைக்கிழங்கில் ஒரு கண்ணைக் கிள்ளி எறிகிற நேரம்கூட ஆகியிருக்காது. மூளைக்குச் சேதி போவதற்குள் கை முந்திக்கொண்டது என்று சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் உண்மையா அது? அந்தப் பூட்டு நகத்துக்கு அடியில் டிக்கென்று நகர்ந்தபோது உள்ளுக்குள் எதுவோ ஒன்று, இது யாரு பூட்டினது என்று கேட்டது. கேட்டதா, அல்லது இப்போது கேட்ட மாதிரி இருக்கிறதா? கேட்டது. முணுமுணுப்பாகக் கேட்டது. அப்புறம் பார்த்துக்கலாம் என்று அதன் வாயைப் பொத்தினாள். பின்னால் ஒரு மனுஷர் திட்டாமல் நிற்கிறாரே, அதற்காக. இந்த மகராசிதான் போன வாரம் லேப் ஆக்னஸை அத்தனை பேர் முன்னால் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். திரையில் என்ன எழுதியிருக்குன்னு படிக்காம ஓகேயை அமுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, பூட்டுன்னு ஒண்ணு போட்டிருந்தா ஏன் போட்டிருக்குன்னு முதல்ல கேளுங்க. ஆக்னஸ் பாவம், முகம் சுருங்கிப்போய்ச் சாரி மேடம் என்றாள். ஊருக்குத்தான் உபதேசம்.

கோடு பாதியைத் தொடப்போகிற சமயம் தன் கண்ணாடியைத் துடைக்க, கேமரா துடைக்கிற துணி இருக்குமென்று சிவப்புப் பையைக் கவிழ்த்தாள். இன்னொரு கார்டு மேஜையில் விழுந்தது, பூட்டுத் திறந்தபடி. காலிக் கார்டு அது. அப்படியென்றால் கோடு ஓடிக்கொண்டிருப்பது மாரீஸ்வரி கல்யாணத்தின்மேல். ஓடுகிறதை நிறுத்தினாள், உருவினாள், உருவின கையோடு பூட்டை மறுபடி தள்ளினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என்னாச்சு என்று டாக்டர் கேட்டார். இந்தக் கார்டும் சரியில்ல சார், வேற போடறேன் என்று அவள் வாய் சொன்னது. எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! யோசித்து வந்ததில்லை, நாக்கு நுனியில் காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்தது. காலிக் கார்டைச் செருகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் கீழே போனார். அந்த இரண்டாவது எழுத்துதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு தடங்கலும் இல்லாமல், மகாராணி மாதிரி.

எவ்வளவு அழிந்திருக்கும்? எழுதுகிறபோது கார்டின் தலைமாட்டிலிருந்துதான் எழுதிக்கொண்டு வரும். வால் பக்கம் இருப்பதெல்லாம் பிழைத்திருக்கும். எந்தப் படம் எங்கே என்கிற அட்டவணை போயிருக்கும், பெயர்கள் போயிருக்கும், ஆனாலும் தோண்டி எடுக்கிற சாப்ட்வேர் இருக்கிறது, பந்தி, வெற்றிலைத் தட்டு, மறுவீட்டுக்கு வண்டி ஏறினது எல்லாம் எடுத்துவிடலாம். ஆனால் மேலேயே எழுதப்பட்டது போனது போனதுதான், பிரம்மாவே வந்தாலும் வராது. அந்தத் தலைமாட்டில் என்ன இருந்தது? தாலி கட்டி முடிஞ்ச உடனே கார்டு மாத்தினேன் உலகு, மாத்தின கார்டுல முதல்லயே அவருதான் விழுந்தாரு என்று சோறு தின்றுகொண்டே வெயிலுமுத்து சொன்னான். எவ்வளவு ஆசையாகச் சொன்னான். இவள் போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. இப்போது ஒரு சொல் விடாமல் வந்து நிற்கிறது, வேண்டாத விருந்தாளி மாதிரி. அவர் என்றால் மாரீஸ்வரியின் அப்பா சண்முகவேல், பழைய இரும்புக் கடைக்காரர். மகள் வேறு சாதிப் பையனைக் கட்டுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மகளோடு பேச்சில்லை, கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டவர். அவர் வந்தார். சமையல்கட்டு வாசல் பக்கத் தூணுக்குப் பின்னால், கடைச் சட்டையோடு, துருக்கறை படிந்த சட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அட்சதை போட்டு முடித்த பிறகு, கைக்குள் வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டார். அந்தத் தூரத்துக்கு அது எங்கே போய்ச் சேரும், முன்னால் நின்றவர்கள் தலையில்தான் விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். கை நனைக்காமலே போய்விட்டார். மணவறையில் தலை குனிந்திருந்த பெண் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. கேமரா பார்த்தது.

உங்கப்பா வந்தாரும்மா என்று மறுநாள் வெயிலுமுத்துதான் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாமே இந்த மனுஷன், எதற்கு ஊர் வம்பு! அன்றிலிருந்து தினமும் போன். அண்ணே எப்போ காட்டுவீங்க, அண்ணே எங்கப்பா சட்டை என்ன கலர், அழுதாரா. அவள் மாமியார் சிரித்தாளாம், வீடியோக்காரன் உன் மனசைக் குளிர வைக்கச் சொல்லியிருப்பான், அவன் பொழப்பு அது. அப்பனையே ஆள் விட்டுக் கேட்டதற்கு, நான் கடையை விட்டு நகரவே இல்லை என்று சாதித்துவிட்டாராம். ஆக, அவர் வந்தார் என்பதற்கு இந்தப் பூமியில் இருந்த அத்தாட்சி ஒரு தபால்தலை அளவு பிளாஸ்டிக். அதை வைத்துக்கொண்டு எப்போதோ காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை? வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக் கிடக்கிறது. ஏன் படுத்துக் கிடக்கிறது? கொஞ்சம் பாரு உலகு, கொஞ்சம் பாரு உலகு என்று அவன் பின்னாலேயே வந்து கேட்டான், இவள் நாளைக்குப் பாக்குறேன், நாளைக்குப் பாக்குறேன் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் அத்தனை கம்ப்யூட்டருக்கும் வைத்தியம், வீட்டில் ஒன்றுக்கு நாதியில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான். அழித்தது இந்தக் கட்டைவிரல் மட்டுமா, அந்த நாளைக்குகளும் சேர்ந்துதான். ஒவ்வொரு நாளைக்கும் அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியிருக்கிறது. உலகம்மாளுடைய கல்யாணத்தில் அவள் அப்பா பந்தல்கால் நட்டதிலிருந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டது வரை எல்லாம் வீடியோவில் இருக்கிறது. அந்த டிஸ்க் அலமாரியில் போர்வைக்கு அடியில் கிடக்கிறது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தாளா? இருக்கிறவளுக்குப் பார்க்க நேரமில்லை. பார்க்கத் தவிக்கிறவளுக்கு இருந்ததையும் இவள் துடைத்துப் போட்டாச்சு.

ஆக்னஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். போன வாரத்து வசவை மனசில் வைத்துக்கொள்ளாமல், ஆறிடும் மேடம், குடிங்க என்றாள். உலகம்மாளுக்கு டம்ளரைத் தொடக் கூச்சமாக இருந்தது. கோடு முடிந்து, சரிபார்க்கிற கோடு ஆரம்பித்தது. எழுதினதும் மூலமும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடும். மனுஷருக்கு இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கு அவள் தேறுவாளா? யாருக்குத் தெரியும் என்று மனசு மெல்ல ஆரம்பித்தது. இந்தக் குரல்தான் அவளுக்குப் பயம். யாருக்குத் தெரியப்போகுது உலகு? கார்டு போச்சுன்னு சொல்லு. கார்டுகள் போகத்தானே செய்கின்றன. இந்தத் தொழிலில் அது இயற்கை மரணம், யாரும் போலீஸ்காரனைக் கூப்பிட மாட்டார்கள். ஒரு தடவை டாக்டரின் பேரன் பிறந்தநாள் படங்களை இவளே கைதவறி அழித்துவிட்டு டிஸ்க் பழசு சார் என்று சொல்லவில்லையா? அவரும் அடடா என்றார், அதோடு முடிந்தது. அந்த மாதிரிதான் இதுவும். என்னங்க, கார்டு படிக்க மாட்டேங்குது, நானும் என்னென்னவோ செஞ்சு பார்த்துட்டேன் என்றால் வெயிலுமுத்து நம்புவான். இவள் சொன்னால் அவன் நம்பாமல் இருந்ததில்லை, கம்ப்யூட்டர் விஷயத்தில் அவனுக்கு இவள் வாக்கு வேதவாக்கு. கொஞ்சம் வருத்தப்படுவான். அப்புறம் சரி விடு என்பான். எவ்வளவு சுலபம். மனசு சொல்லிக்கொண்டே போய், அந்த இடத்தில் முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிட்டது. சரி விடு என்று அவன் இவளிடம் சொல்லிவிடுவான். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வான்? கார்டு போச்சும்மா என்பான். மாமியார் என்ன சொல்வாள்? நான் அப்பவே சொல்லல, இருந்தாத்தானே காட்டுவான். வெயிலுமுத்து வாசலில் நிற்பான், வந்தாரும்மா, சத்தியமா வந்தாரு என்பான். அவன் சத்தியத்துக்கு அன்றைக்கு என்ன மதிப்பு? ஊரில் எல்லா மண்டபமும் அவனை நம்பினாலும் அந்த வீட்டில் அவன் புளுகன். அந்தப் பெண்ணும் ஒரு நாள் ரெண்டு நாள் அவனை நம்புவாள், அப்புறம் அவளும் அண்ணன் சும்மா சொல்லியிருக்கார் என்று முடிவு பண்ணிக்கொள்வாள். அப்பா வரவில்லை என்றே ஆகிவிடும். துருக்கறைச் சட்டையோடு வந்து நின்ற மனுஷன் வரவே இல்லை என்று ஆகிவிடும். இவள் ஒரு வார்த்தையை முழுங்கினால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்கள். கஷ்டமே இல்லை, சோறு தின்கிறவன் நம்புகிறவனாக இருந்தால் போதும்.

சரிபார்த்தாயிற்று, பிழையில்லை என்று திரை சொன்னது. கார்டை எடுத்துப் பெட்டியில் செருகி, சுவிட்சைப் போட்டாள். விளக்கு ஒன்று எரிந்தது, அணைந்தது, இன்னொன்று எரிந்தது. எழுந்திரு சாமி என்று பழக்கத்தில் வாய் முணுமுணுத்தது. பழைய விதிகளை ஏற்ற வேண்டும், ஏற்றினாள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது, ஒவ்வொன்றும் அவளே யோசித்து யோசித்து எழுதின விதிகள். கை தானாக வேலை செய்தது. இடது கை மட்டும் மூடியே இருந்ததால் ஒற்றைக் கையால் தட்டினாள். வரிசையாகப் பச்சை விளக்குகள் சிமிட்டின. கீழே கவுன்டரில் பிரிண்டர் கரகரவென்று இரைச்சல் போட ஆரம்பித்தது. கட்டின மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கிற சத்தம் மாடிப்படி வழியாகக் கேட்டது. டாக்டர் சிவசைலம் வாசலில் வந்து நின்று, உலகம்மா இல்லைன்னா இந்த ஆஸ்பத்திரிய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று ஆக்னஸிடம் சொன்னார். எத்தனையோ வருஷமாக அவர் வாயிலிருந்து வராதா என்று அவள் ஏங்கின சொல். இன்றைக்கு வந்து தொலைத்தது. அவளுக்கு அழுகையாக வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, டீயைக் குடிம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று பெட்டியின் விளக்குகளைப் பார்த்தார்.

போன் அடித்தது. வெயிலுமுத்து. அடிக்கட்டும் என்று விட்டாள். நின்றது. உடனே மறுபடி அடித்தது. எடுத்தாள். அவன் எங்கோ ரோட்டில் நின்று பேசினான், பஸ் ஹாரன் கேட்டது. அந்தப் பெண் மத்தியானமே கிளம்பி வந்துவிடுவாளாம், மாமியாரையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறாளாம், அந்தம்மா கண்ணால பாக்கட்டும்ணே என்று சொன்னாளாம். சிரித்துக்கொண்டே சொன்னான். காப்பி ஆகிவிட்டதா என்று கேட்டான்.

"என்னங்க," என்றாள் உலகம்மாள். மேலே சொல்ல எத்தனையோ இருந்தது. வந்தது இதுதான்: "கார்டு படிக்க மாட்டேங்குது."

அவன் ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசினால் தேவலை என்று இருந்தது. ஏசினால் பதிலுக்கு ஏதாவது சொல்லி, சண்டையாக்கி, அந்தச் சண்டைக்குள் ஒளிந்துகொள்ளலாம். அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு ஏசவே தெரியாது.

"பழைய கார்டு பிள்ள அது," என்றான். "மாத்தணும் மாத்தணும்னு நெனச்சிக்கிட்டே விட்டுட்டேன். என் தப்புதான். நீ என்ன செய்வ, விடு. வேலையப் பாரு. அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

சரி விடு என்பான் என்று நினைத்த மாதிரியே சொல்லிவிட்டான். தப்பித்தாயிற்று. இனி சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனை வைக்க வேண்டியதுதான் பாக்கி. உதடுகூடப் பிரிந்துவிட்டது. அவன் போனை வைக்கவில்லை. மூச்சு விடுகிறது கேட்டது. எதையோ நினைத்து நினைத்துப் பார்க்கிறவன் மாதிரி, அவளிடம் இல்லை, தன்னிடமே பேசினான்.

"பூட்டுப் போட்டனான்னே இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு உலகு. அந்த ஆளு அழுததப் பாத்த பதட்டத்துல, போடாமலே பையில வச்சிட்டனோ என்னமோ."

இருபது வருஷத் தொழிலில் அவன் தன் கையைச் சந்தேகப்பட்டு அவள் கேட்டதில்லை. இடது கையைத் திறந்தாள். வியர்வையில் நனைந்த கார்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, பூட்டின் சின்ன முனை தோலில் குழியாகப் பதிந்திருந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஆக்னஸ் ஆறிப்போன டம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள். பார்த்தால் பார்க்கட்டும், கேட்டால் கேட்கட்டும்.

"போட்டிருந்தீங்க," என்றாள் உலகம்மாள். "நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க. கார்டுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் பூட்டைத் திறந்தேன். அந்தம்மா வரட்டும். உங்கப்பா வந்திருந்த படத்தை அழிச்சது நான்னு அந்தப் பிள்ள மொகத்தப் பாத்து நானே சொல்லுதேன்."